மூடியைத் திறக்குமுன்

நம் சங்க இதழின் ஆசிரியர் என்னிடம் விஞ்ஞானக் கட்டுரை ஒன்று கேட்டார். அவர் மனத்தில் இருந்தது சந்திரயானாகவோ அணுவாகவோ இருந்திருக்க வேண்டும். எதைப் பற்றி எழுதப் போகிறாய் என்றதற்கு, "செப்டிக் டாங்கைப் பற்றி" என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "இது பொங்கல் மலர், ஐயா!" என்றார்.

பொங்கல் மலரிலேயே வரட்டும் என்று நான் வற்புறுத்தினேன். போகியன்று வீட்டின் மூலை முடுக்கெல்லாம் துப்புரவு செய்கிறோம். பரணில் கிடக்கும் பழம் பாய் கூட அன்று வெளியே வந்து விடுகிறது. ஆனால் முற்றத்துச் சிமெண்டு மூடிக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எந்தப் போகியிலும் எவரும் பார்ப்பதில்லை. மூக்கைப் பொத்திக் கொண்டு படிக்க வேண்டிய கட்டுரையன்று இது, அஞ்சாமல் படிக்கலாம்.

விடுதியில் இடம் கிடைத்த பாக்கியசாலிகளுக்கு இந்தச் சங்கதி அவ்வளவாகத் தேவைப்படாது. ஆனால் நம்மில் பலர் டில்லியின் ஓரங்களில், பாதாளச் சாக்கடை எட்டிப் பாராத காலனிகளில், நாலைந்து பேராகச் சேர்ந்து வாடகைக்குக் குடியிருக்கிறோம். முன்பணம் எவ்வளவு, மின்சாரம் யூனிட்டுக்கு எவ்வளவு, தண்ணீர் எப்போது வரும் என்றெல்லாம் துருவித் துருவி விசாரித்துத்தான் குடி போகிறோம். 'கழிவறையிலிருந்து போவது எங்கே போகிறது?' என்று கேட்டவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. நானும் கேட்கவில்லை. 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி, இந்திய நகரங்களில் நூற்றுக்கு 38 வீடுகள் செப்டிக் டாங்கை நம்பி இருந்தன. பாதாளச் சாக்கடையோடு இணைந்தவை நூற்றுக்கு 33 மட்டுமே. ஆகவே இது ஏதோ சிலருடைய சொந்தத் தொல்லை என்று ஒதுக்குவதற்கில்லை.

இத் தொட்டியின் பிறப்பு, பல நல்ல காரியங்களைப் போலவே, தற்செயலாக நேர்ந்தது. 1860ஐ ஒட்டிப் பிரான்ஸ் நாட்டின் வெஸூல் என்ற ஊரில் லூயி மூரா என்பவர் தம் வீட்டுக் கழிவைத் தேக்க, காற்றுப் புகாத தொட்டி ஒன்றைக் கட்டினார். பல ஆண்டுகள் கழித்துத் திறந்து பார்த்தபோது, எதிர்பார்த்த மலைபோன்ற குவியல் அங்கே இல்லை. திடப் பொருளில் பெரும் பகுதி கரைந்து போயிருந்தது. 1881இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1895இல் இங்கிலாந்தின் எக்ஸெட்டர் நகரில் டொனால்டு காமெரான் இதே தத்துவத்தில் பெரிய தொட்டி கட்டி, அதற்குச் 'செப்டிக் டாங்க்' என்று பெயரிட்டார். அழுகச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. தமிழில் இதை 'நச்சுத் தொட்டி' என்று சிலர் எழுதுவார்கள். அழுகுவதெல்லாம் நஞ்சாகுமா, மொழிபெயர்த்தவர் கை தவறிவிட்டார் என்று நான் முன்பு எள்ளியதுண்டு. இப்போது எள்ளுவதில்லை. காரணம் பின்னால் வரும்.

தொட்டிக்குள் நடப்பது என்ன? ஒரு பானையில் களைந்த அரிசி நீரை அசையாமல் வைத்தால் கனமானது அடியில் படியும், உமி மேலே மிதக்கும், நடுவே ஓரளவு தெளிந்த நீர் நிற்கும். செப்டிக் டாங்க் செய்யும் முதல் வேலை இதுதான். அடியில் கசடு, மேலே எண்ணெயும் கொழுப்பும் சேர்ந்த ஏடு, இடையில் மங்கலான நீர். அந்த இடைநீர் மட்டும், ஏட்டுக்குக் கீழே வாய் தாழ்ந்திருக்கும் குழாய் வழியாக வெளியேறி உறிஞ்சு குழிக்குப் போக வேண்டும். இவ்வளவுக்கும் வேண்டியது அமைதி. வந்த நீர் ஒரு நாளாவது உள்ளே தங்கினால்தான் படிய வேண்டியது படியும்.

இரண்டாம் வேலையைச் செய்பவை பாக்டீரியாக்கள். பிராணவாயு இல்லாத இருட்டில் வாழப் பழகிய இனங்கள் இவை. ஒரு கூட்டம் சிக்கலான பொருள்களை உடைத்துக் கரைக்கிறது. இன்னொரு கூட்டம் கரைந்ததை அமிலங்களாக்குகிறது. மற்றொரு கூட்டம் அந்த அமிலங்களிலிருந்து மீதேன் வாயுவை உண்டாக்குகிறது. ஒருவர் எச்சில் மற்றவர் விருந்து என்ற முறையில் பந்தி நடக்கிறது. இதனால் கசடு குறைகிறதே ஒழிய, மறைந்து விடுவதில்லை. செரிக்க முடியாத மிச்சம் ஆண்டுக்காண்டு அடியில் ஏறிக் கொண்டே வரும். வெளியேறும் நீரும் சுத்தமானதன்று. கலங்கல் பெரும்பாலும் நீங்கியிருக்குமே அன்றி நோய்க் கிருமிகள் ஏராளமாக இருக்கும். அதைத் தெருச் சாக்கடையில் திருப்பி விட்டுவிட்டு 'எங்கள் வீட்டில் செப்டிக் டாங்க் இருக்கிறது' என்று சொல்வது, பாதி வேக்காட்டில் சோற்றை இறக்குவதற்குச் சமம். மீதி வேலையை மண் செய்ய வேண்டும். அதனால்தான் உறிஞ்சு குழி குடிநீர்க் கிணற்றிலிருந்து 18 மீட்டராவது விலகி இருக்க வேண்டும் என்று இந்தியத் தர நிர்ணயம் சொல்கிறது. எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுக்கும் உறிஞ்சு குழிக்கும் இடையே ஏழு தப்படி. குடிக்கத் தண்ணீர் கேன் வாங்குகிறோம், வேறென்ன செய்வது?

இங்கே ஒரு பெரும் தவறெண்ணத்தைக் களைய வேண்டும். 'டாங்க் நிரம்பி விட்டது, அதனால் காலி செய்ய வேண்டும்' என்று எல்லோரும் சொல்வார்கள். செப்டிக் டாங்க் எப்போதும் நிரம்பியே இருக்கும்! காலி செய்த சில நாட்களிலேயே வெளிக்குழாய் மட்டம் வரை நீர் ஏறி விடும்; அதன்பின் எவ்வளவு உள்ளே வருகிறதோ அவ்வளவு வெளியே போகும். நிரம்பாத தொட்டி ஓட்டை விழுந்த தொட்டி. ஆகவே நீர் மட்டத்தைப் பார்த்து ஒன்றும் தெரிந்து கொள்ள முடியாது. நாம் அறிய வேண்டியது அடியிலுள்ள கசட்டின் உயரம். கசடும் ஏடும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் விட்டால் தொட்டி வெடித்து விடாது. வீட்டிலும் உடனே ஒன்றும் தெரியாது. அமைதியாகப் படிவதற்கு இடம் குறைந்து, கசடு நீரோடு கலந்து உறிஞ்சு குழிக்குள் போகத் தொடங்கும். மண்ணின் நுண்துளைகள் அடைபடும். தொட்டியை ஒரு வண்டி கொண்டு வந்து காலி செய்யலாம். அடைபட்ட மண்ணை எந்த வண்டியாலும் உறிஞ்சி எடுக்க முடியாது. புதுக் குழிதான் தோண்ட வேண்டும்.

இனி எங்கள் வீட்டுக் கதை. கீழ்த்தளத்தில் நாங்கள் ஆறு மாணவர்கள். மேலே வீட்டுக்கார அம்மாள் குடும்பத்தில் ஐவர். தொட்டியைப் பிற்பாடு அளந்து பார்த்ததில் நீளம் 2 மீட்டர், அகலம் 90 சென்டிமீட்டர், நீராழம் 1 மீட்டர் 40. ஐ.எஸ். 2470 என்ற இந்தியத் தர நூலில் உள்ள அட்டவணையைப் புரட்டினேன். என்ன வியப்பு! கட்டிய கொத்தனார் அச்சொட்டாக அந்த அளவையே பின்பற்றியிருந்தார். ஆனால் அந்த அளவு பத்துப் பேருக்கு, அதுவும் இரண்டாண்டுக்கொரு முறை கசடு எடுப்பதாக இருந்தால். நாங்களோ பதினொருவர். கடைசியாக எப்போது எடுத்தீர்கள் என்று அம்மாளைக் கேட்டோம். "பெரியவன் கல்யாணத்துக்கு முன்னால்" என்றார். பெரியவரின் மகள் அப்போது முதல் வகுப்பில் படித்துக் கொண்டிருந்தாள்.

எங்கள் பங்குக்கு நாங்களும் குறை வைக்கவில்லை. சமையலறைத் தொட்டியின் நீரும் அதே டாங்கில்தான் விழுந்தது. அப்பளம் பொரித்த எண்ணெய், சாம்பார்ப் பாத்திரம் கழுவிய பருப்பு, நாள் தவறாமல் டிகாக்ஷன் இறக்கிய காப்பிச் சக்கை, எல்லாம் அங்கேதான். காப்பிச் சக்கையை எந்தப் பாக்டீரியாவும் விரும்பி உண்பதில்லை. அது பாட்டுக்கு அடியில் போய்ப் படிந்து விடும். (தோட்டத்து மண்ணில் போடலாம், துளசிக்கு நல்லது என்று அம்மா சொல்வாள்.) கழிவறையின் பிளஷ் தொட்டி வேறு ஓயாமல் ஒழுகிக் கொண்டிருந்தது. ஒழுகுவது மெல்லிய இழைதானே என்று இருந்துவிட்டோம். ஒரு நாள் குவளை வைத்துப் பிடித்துப் பார்த்தால் நிமிடத்திற்கு அரை லிட்டர். நாளொன்றுக்கு 720 லிட்டர்! படிய வேண்டிய நீரை அது இரவும் பகலும் பிடித்துத் தள்ளிக் கொண்டே இருந்திருக்கிறது. இருபது ரூபாய் வாஷரில் தீர்ந்த காரியம் அது.

போடக் கூடாதவை எவை என்று நீண்ட பட்டியல் தேவையில்லை. வயிற்றின் வழியாக வந்ததும், தண்ணீரும், கரையக்கூடிய தாளும் தவிர வேறெதுவும் அங்கே வேலையற்றது. நாப்கின், ஈரத்துடைப்புத் தாள், தலைமயிர், சிகரெட்டுத் துண்டு இவை செரிப்பதே இல்லை. மழைநீரை அதில் திருப்பவே கூடாது. பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் அளவோடு இருந்தால் தொட்டி தாங்கிக் கொள்ளும். சீசா சீசாவாகக் கவிழ்த்தால் பந்தியில் இருப்பவர்கள் எழுந்து போய் விடுவார்கள். இதற்கு நேர்மாறாக, பாக்டீரியாப் பொடி என்று கடையில் விற்பதையும், ஈஸ்டையும், வெல்லத்தையும், சாணக் கரைசலையும் ஊற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். பதினொரு மனிதர்கள் நாள்தோறும் கோடிக் கணக்கில் இலவசமாக அனுப்பி வைக்கும் பாக்டீரியாவைக் கடையில் காசு கொடுத்து வாங்குவானேன்? பொடி போட்டால் கசடு எடுக்க வேண்டாம் என்பது வெறும் விளம்பரம்.

2024 ஆகஸ்டில் மழை கொட்டியது. கழிவறைக் கோப்பையில் நீர் இறங்க மறுத்தது. 'களக் களக்' என்று குமிழி விட்டது. முதல் நாள் நாங்கள் ஆசிட் இரண்டு சீசா ஊற்றினோம். இரண்டாம் நாள் நீர் மேலேறி வந்தது. மூன்றாம் நாள் காலை வீட்டுக்கார அம்மாள் எங்கிருந்தோ இருவரை வரவழைத்திருந்தார். ஒருவருக்கு ஐம்பது வயதிருக்கும். மற்றவன் என் வயதினன். ஒரு கயிறு, இரண்டு வாளி, ஒரு கடப்பாறை. நான் முற்றத்துக்கு வந்தபோது மூடி புரட்டப்பட்டிருந்தது. இளைஞன் சட்டையைக் கழற்றிச் சுவரில் போட்டுக் கொண்டிருந்தான்.

என் அறைத் தோழன் உள்ளேயிருந்து என்னைத் தமிழில் கூப்பிட்டான். பெரியவர் திரும்பிப் பார்த்தார். "தம்பி, எந்த ஊரு?" என்றார். அவருக்குக் கள்ளக்குறிச்சிப் பக்கம். முப்பது ஆண்டுகளுக்கு முன் பிழைப்புத் தேடி டில்லிக்கு வந்தவர். இளைஞன் அவருடைய தங்கை மகன். ஊர் பேச்சு இரண்டு வார்த்தை பேசிவிட்டு, "ஒரு மெழுகுவத்தி இருந்தாக் குடு தம்பி. இறக்கிப் பாத்துட்டு இவன் உள்ள எறங்கணும்" என்றார்.

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் எனக்கு உறைத்தது. நான் இரசாயனம் முதுகலை படிப்பவன். இளங்கலை ஆய்வகத்தில் கிப்ஸ் கருவி வைத்து உப்புச் சோதனை செய்த எவரும் அந்த வாடையை மறந்திருக்க முடியாது; அழுகிய முட்டை நாற்றம். இரும்பு சல்பைடின் மேல் அமிலம் ஊற்றினால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். முற்றத்தில் நின்று உள்ளே எட்டிப் பார்க்கிறேன், கசடு கன்னங்கரேலென்று இருக்கிறது. அந்தக் கருமைக்குப் பெரும் காரணம் என்ன? இரும்பு சல்பைடுதான். அதன் மேல் இரண்டு நாள் முன்னால் அமிலம் ஊற்றியவர்கள் யார்? நாங்கள்தான். தேர்வில் இந்தச் சமன்பாட்டுக்கு முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். சீசாவைக் கவிழ்த்தபோது அது நினைவுக்கு வரவில்லை. இரண்டு சீசா அமிலம் அவ்வளவு பெரிய தொட்டியை மாற்றி விடாது என்பதும் உண்மை. அங்குள்ள காரத்தன்மை அதை விரைவில் விழுங்கி விடும். அதைவிடப் பேராபத்து, அமிலமே இல்லாமல், ஏழாண்டாகக் கசட்டுக்குள்ளேயே சிறைப்பட்டுக் கிடக்கும் வாயு. கடப்பாறையால் ஒரு கிளறு கிளறினால் அது ஒரே மூச்சில் வெளிப்படும். மேலிருந்து பார்க்கும்போது நாற்றம் குறைவாக இருந்தது, உள்ளே இறங்கியதும் விழுந்து விட்டான் என்று செய்தித்தாளில் வருவதெல்லாம் இதனால்தான்.

இந்த வாயுவைப் பற்றி மூன்று செய்திகளை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இது காற்றைவிடக் கனமானது, பள்ளத்தில் தங்கும். காற்றில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு கூட இல்லாதபோதே மூக்குக்குத் தெரியும். ஆனால் பத்து இலட்சத்தில் நூறு பங்கை எட்டும்போது மோப்ப நரம்பையே மரக்கச் செய்து விடும். 'நாற்றம் போய் விட்டது' என்று தோன்றும் கணம்தான் மிகக் கொடிய கணம். பத்து இலட்சத்தில் ஐந்நூறு, எழுநூறு என்று ஏறினால் நினைவு தப்பும். ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்து விடுவான். நுரையீரலில் காற்று இருக்கும், இரத்தத்தில் பிராணவாயு இருக்கும். உயிரணுக்களால் அதைப் பயன்படுத்த முடியாது. சயனைடு செய்யும் வேலையும் இதுவேதான். விழுந்தவனைத் தூக்க இரண்டாமவன் இறங்குவான், இரண்டாமவனைத் தூக்க மூன்றாமவன். ஒரே தொட்டியில் மாமனும் மருமகனும், அண்ணனும் தம்பியும் என்று செய்தி வருவது இப்படித்தான்.

மெழுகுவர்த்தியோ? அது அணைந்தால் பிராணவாயு குறைவு என்று தெரியும், அவ்வளவே. அணையாமல் எரிந்தால் ஹைட்ரஜன் சல்பைடு இல்லை என்று பொருளன்று. ஆளைக் கொல்லும் அளவில் சுடர் ஒன்றும் சொல்லாது. மீதேன் காற்றில் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருந்தாலோ அதே சுடர் வெடி வைத்து விடும். திறந்த தொட்டிக்கு அருகே தீக்குச்சி, பீடி எதுவும் கூடாது.

இறங்க வேண்டாம் என்றேன். பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வண்டி இந்தச் சந்துல வராது தம்பி. பதினஞ்சு வருசமா எறங்குறேன். எனக்குத் தெரியாதா?" என்றார். அம்மாளோ, மேல்மாடியிலிருந்து, அவர்களுக்கே பயமில்லை உனக்கென்ன என்று இந்தியில் கேட்டார். நான் சட்டத்தைச் சொன்னேன். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்படி, தக்க காப்பும் கருவியும் இன்றிச் செப்டிக் டாங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்கித் துப்புரவு செய்விப்பது குற்றம். நேராக அமர்த்தினாலும் மறைமுகமாக அமர்த்தினாலும் குற்றமே. முதல் முறைக்கே இரண்டாண்டு வரை சிறை, அல்லது இரண்டு இலட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இறங்குகிறவர் சம்மதித்தார் என்பது அமர்த்தியவரைக் காப்பாற்றாது. 2014இல் நீதிபதி சதாசிவம் தலைமையில் உச்ச நீதிமன்றம், இப்படி இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து இலட்சம் தர வேண்டும் என்றது. 2023 அக்டோபரில் அதை முப்பது இலட்சமாக உயர்த்தியது. சட்டம் இருந்தும், 2019 முதல் 2023 வரை 377 பேர் இறந்ததாக அரசே நாடாளுமன்றத்தில் கூறியது. இறந்தவர்கள் எந்தச் சாதியார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஊரை விட்டு ஆயிரத்தைந்நூறு மைல் வந்தும் அந்தப் பெரியவரைத் தேடி வந்த வேலை இதுவாக இருப்பதற்கு இரசாயனத்தில் விடை கிடையாது.

அபராதத் தொகையைக் கேட்டதும் அம்மாள் கீழே இறங்கி வந்தார். வேலை நின்றது. நாங்கள் ஆறு பேரும் சேர்த்து, அவர்களுக்குப் பேசியிருந்த கூலியைக் கொடுத்தோம். பெரியவர் வாங்கிக் கொண்டார், மகிழவில்லை. "இன்னிக்குக் குடுத்துட்டீங்க. இனிமே இந்தத் தெருவுல எங்கள யாரு கூப்புடுவா?" என்று கேட்டுவிட்டுக் கயிற்றைச் சுருட்டினார். எனக்குப் பதில் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை.

மூன்று நாட்கள் ஆறு பேரும் பல்கலைக் கழக நூலகத்தின் கழிவறையை நம்பி வாழ்ந்தோம். நான்காம் நாள் உறிஞ்சு வண்டி வந்தது. சந்துக்குள் வண்டி வராதுதான். ஆனால் குழாய் வரும்! பெருந்தெருவில் வண்டியை நிறுத்தி, துண்டு துண்டாக இணைத்து நூற்றைம்பது அடிக்குக் குழாய் நீட்டினார்கள். 'வண்டி வராது' என்று உங்கள் வீட்டுக்காரர் சொன்னால், குழாய் எத்தனை அடி என்று வண்டிக்காரரிடமே கேளுங்கள். ஏழாண்டுக் கசடு அடியில் களிமண் போல் இறுகிக் கிடந்தது. மேலிருந்தபடியே நீரைப் பீய்ச்சி, நீண்ட கழியால் கலக்கிக் கலக்கி உறிஞ்சினார்கள். மூன்று மணி நேரம் பிடித்தது. கையுறை அணிந்திருந்தார்கள், எவரும் இறங்கவில்லை. இப்படி இறுகிய கசட்டை உடைக்கவே சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் பிரபு ராஜகோபால் குழுவினர் 'ஹோமோசெப்' என்ற இயந்திரத்தை உருவாக்கினார்கள். சுழலும் தகடுகளை உள்ளே விட்டுக் கசட்டைக் கூழாக்கி உறிஞ்சி எடுப்பது அது. 2022இல் தமிழ்நாட்டுக்கு அதைக் கொண்டு சென்றார்கள். ஆனால் இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை எடுத்து வந்தால் கசடு இறுகுவதே இல்லை. சாதாரண வண்டியே போதும். ஆளை உள்ளே இறக்கும் நிலை பெரும்பாலும் நம்முடைய சோம்பலால் வருகிறது.

எல்லாவற்றையும் வழித்தெடுக்கச் சொல்லாதீர்கள். அடியில் ஓர் அங்குலம் கசடு இருக்கட்டும்; தயிருக்கு உறை மோர் போல அடுத்த பந்திக்கு அது வேண்டும். வண்டி எங்கே கொட்டுகிறது என்றும் கேளுங்கள். டில்லியில் 2018ஆம் ஆண்டு விதிகளின்படி உரிமம் பெற்ற வண்டியே எடுக்க வேண்டும், குடிநீர் வாரியம் குறித்த இடத்திலேயே கொட்ட வேண்டும். உரிமம் இல்லாத வண்டி மலிவாக வரும். இருட்டியதும் ஏதாவதொரு வாய்க்காலில் திறந்து விட்டுப் போய் விடும். நம் ஊர்ப் பக்கம் கருங்குழிப் பேரூராட்சியில் இந்தக் கசட்டைச் சுத்திகரிக்கவே 2017இல் தனி நிலையம் அமைத்தார்கள். ஊருக்குப் போகும்போது, உங்கள் ஊரின் வண்டி எங்கே போகிறது என்று விசாரித்துப் பாருங்கள்.

கசட்டை அளப்பது எளிது. ஆறேழு அடி மூங்கில் கழியின் கீழ்ப்பாதியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றி நூலால் கட்ட வேண்டும். மூடியைத் திறந்ததும் விலகி நின்று கால் மணி நேரம் காற்றாட விட வேண்டும். தனியாக இதைச் செய்யக் கூடாது. முகத்தைத் துவாரத்தின் மேல் நீட்டக் கூடாது. காற்று முதுகுப் பக்கம் இருக்க வேண்டும். கழியை மெல்ல அடி வரை இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் வைத்திருந்து, நேராகத் தூக்கினால் கசடு இருந்த உயரம் வரை துண்டு கறுத்திருக்கும். அதற்கு மேல் நீர் நனைத்த மங்கல் நிறம். கறுப்பை அங்குலத்தில் அளந்து குறித்துக் கொண்டு, துண்டை மூட்டை கட்டிக் குப்பையில் போட்டு, மூடியை இடைவெளியில்லாமல் மூடிக் கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். மூடி விரிசல் விட்டிருந்தால் அன்றே மாற்றச் சொல்லுங்கள். குழந்தைகள் விளையாடும் இடமாக இருந்தால் இதுவே முதல் வேலை.

வீட்டுக்கார அம்மாளுடன் இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. வண்டிச் செலவில் பாதி அவர்கள், பாதி நாங்கள்; ஆளுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் வராது. காப்பிச் சக்கை துளசிக்குப் போகிறது. பின்சுவரில் நாங்கள் கரியால் எழுதி வைத்திருப்பது: '2024 செப்டம்பர், காலி. 2025 செப்டம்பர், 11 அங்குலம்.' எங்கள் தொட்டிக்கு எல்லை 18 அங்குலம். வரும் ஜூனில் நாங்கள் நால்வர் படிப்பு முடிந்து வீட்டை விட்டுப் போகிறோம். அங்கே குடி வர விரும்பும் தம்பிகள் சங்க அறையில் என்னைப் பார்க்கலாம். சாவியோடு கழியையும் தருகிறேன். செப்டம்பரில் அளக்க வேண்டும்.